ஜன்னலுக்கு என்ன போடலாம்? கர்ட்டன், பிளைண்ட்ஸ், தட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயிண்ட் வேலை முடிந்து, பால் காய்ச்சத் தேதி குறித்த பிறகுதான் பல வீடுகளில் ஜன்னல் ஞாபகம் வருகிறது. அவசரமாகக் கடைக்கு ஓடி, சோபாவுக்குப் பொருத்தமான நிறத்தில் துணி எடுத்து, எல்லா ஜன்னலுக்கும் அதையே தைத்து மாட்டிவிடுகிறார்கள். ஏப்ரல் வந்ததும் படுக்கையறை வேகிறது, ஹால் இருட்டாக இருக்கிறது என்று புலம்பல் தொடங்கும். கர்ட்டனுக்கு அளவெடுக்கப் போகும் வீடுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையையும் தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களையும் மனதில் வைத்துச் சொல்வது இது. ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு.

முதலில் எதை முடிவு செய்வது? நிறமா, துணியா, மாடலா?

மூன்றும் இல்லை. அந்த ஜன்னல் வழியாக என்ன உள்ளே வருகிறது என்று பாருங்கள். ஒன்றில் சாயங்கால வெயில் வரும். இன்னொன்றில் எதிர் வீட்டு பால்கனியின் பார்வை வரும். மூன்றாவதில் ரோட்டுத் தூசி. நான்காவதில் நல்ல காற்று வரும், அதைத் தடுப்பதே பாவம். எதைத் தடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் துணியும் மாடலும் தானாகவே குறுகிவிடும். நிறம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே வீட்டில் நான்கு ஜன்னலுக்கு நான்கு விதமாகப் போட்டால் அசிங்கமாக இருக்காதா என்பார்கள். ஒரு அறைக்குள் ஒரே மாதிரி இருந்தால் போதும். எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

எந்தத் திசை ஜன்னலுக்கு எவ்வளவு மறைப்பு தேவை?

நம் ஊரில் இது பலருக்குக் குழப்பம். வெயில் என்றாலே தெற்கு என்று நினைப்பார்கள். சென்னையில் சூரியன் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறையும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு முறையும் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்தே நிற்கும். அதனால் அக்னி நட்சத்திரத்தில் தெற்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் அநேகமாக வராது. தெற்கு ஜன்னலுக்கு வெயில் வருவது மார்கழி, தை மாதங்களில். அப்போது அது சுகமாகத்தான் இருக்கும். தெற்குக்கு மெல்லிய துணி போதும். வடக்குக்கும் அப்படியே, ஜூன் மாதம் காலையிலும் மாலையிலும் மட்டும் சாய்வாகக் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும்.

கிழக்கு ஜன்னலில் காலை வெயில் வரும். சீக்கிரம் எழுபவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் தூங்குபவர் இருந்தால் அந்த அறைக்குக் கட்டாயம் வெளிச்சத்தைத் தடுக்கும் பிளாக்அவுட் துணி வேண்டும்.

உண்மையான எதிரி மேற்கு. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். மே மாதம் மாலை 4 மணிக்குச் சென்னையில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்தில் இருக்கும். 2 அடி நீளும் சன்ஷேடு மேற்குச் சுவரில் அந்த நேரத்தில் தருவது ஒன்றேகால் அடி நிழல்தான். 4 அடி உயர ஜன்னலில் மீதி முழுவதும் வெயில். ஐந்து மணிக்கு அந்த நிழலும் சுருங்கிவிடும். உச்சி வெயிலுக்கு சன்ஷேடு காவல், சாயங்கால வெயிலுக்கு அல்ல. வீட்டில் செலவு செய்ய ஒரே ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மேற்கைத்தான் காட்டுவேன்.

மேற்கு அறைக்குத் தடிமனான பிளாக்அவுட் போட்டும் சுடுகிறதே, ஏன்?

இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து, துணியின் மேல் விழுந்து, துணியைச் சூடாக்குகிறது. சூடான துணி அந்த வெப்பத்தை அறைக்குள்தான் விடும். திரும்பக் கண்ணாடி வழியாக வெளியே போவது குறைவு. நான்கு மணிக்கு அந்தக் கர்ட்டனையும் கண்ணாடியையும் பிரிக்கும் இடைவெளியில் கையை விட்டுப் பாருங்கள், தெரியும். அங்கே சூடாகும் காற்று மேலே ஏறி, ராடுக்கு மேலிருக்கும் சந்து வழியாக அறைக்குள் இறங்குகிறது.

வெயிலை நிறுத்த வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளியே. பால்கனி இருந்தால் மூங்கில் தட்டியை வெளி விளிம்பில் கட்டுங்கள். மாடி வீட்டில் கிரில்லுக்கு வெளியே ஷேடு நெட் கட்டலாம். மரம் வைக்க இடம் இருப்பவர் பாக்கியசாலி. அடுக்குமாடியில் வெளிப்புறம் எதையும் கட்டக்கூடாது என்று சங்கம் விதி வைத்திருந்தால், அடுத்த வழி கண்ணாடியில் வெயிலைக் குறைக்கும் பிலிம். அதுவும் முடியாவிட்டால்தான் கர்ட்டனை நம்ப வேண்டும். அப்போதும் ஜன்னல் பக்கம் வெள்ளை அல்லது வெளிர் நிற லைனிங் வைத்துத் தையுங்கள். வெளிச்சத்தில் ஒரு பகுதியை அது கண்ணாடி வழியாகவே திருப்பி அனுப்பிவிடும். இருபுறமும் துணி சுவரை ஒட்டி வளைந்து முடிந்தால் சூடான காற்று கசிவதும் குறையும். கறுப்பு, கரும்பச்சை லைனிங்கை வெயில் பக்கம் வைத்துத் தைத்த வீடுகளைப் பார்த்தால் எனக்கு ஏசி மேல்தான் இரக்கம் வரும்.

வெட்டிவேர் தட்டி இப்போதும் பயன்படுமா?

எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. தட்டியில் தண்ணீர் தெளித்ததும் வறண்ட காற்று அதன் வழியாக வரும்போது நீர் ஆவியாகி, காற்றின் சூடு குறைகிறது. காற்று வறண்டிருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் சித்திரை, வைகாசியின் மத்தியானக் காற்றுக்கு அருமையாக வேலை செய்யும், மணம் வேறு. சென்னையில் கடற்காற்று இறங்கிய பிறகு காற்றில் ஈரம் ஏறிவிடும். அப்போது தண்ணீர் தெளித்தால் புழுக்கம்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் தட்டியைச் சுருட்டிவிட்டு, கிழக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்னொன்று, வெட்டிவேர் தட்டியைக் காய விடாமல் வாரக்கணக்கில் நனைத்துக்கொண்டே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். சீசன் முடிந்ததும் நன்றாக வெயிலில் காய வைத்துச் சுருட்டிப் பரணில் போடுங்கள்.

தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியக்கூடாது. ஆனால் காற்றும் வெளிச்சமும் வேண்டும். என்ன செய்வது?

பழைய வீடுகளில் இதற்குப் பதில் இருந்தது: பாதி ஸ்கிரீன். ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் துணி. சட்டத்தின் இரண்டு பக்கமும் சின்னக் கொக்கி திருகி, துணியின் மேல் மடிப்புக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியை நுழைத்து, இழுத்து மாட்டுவார்கள். கீழேயும் ஒரு ஸ்பிரிங் போட்டால் காற்றில் பறக்காது. நடந்து போகிறவரின் கண் மட்டத்தை அது மறைக்கும். மேல் பாதி வழியாக வானமும் காற்றும் தாராளமாக வரும். தரைத்தளத்தில் ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்கு இன்றும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஸ்பிரிங், நான்கு கொக்கி, ஒன்றரை மீட்டர் துணி, அவ்வளவுதான் செலவு. ஸ்பிரிங்கை ஜன்னல் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் நடுவில் தொங்கும்.

மெல்லிய நெட் துணி போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் உள்ளே தெரியாது. ராத்திரி உள்ளே லைட் போட்டதும் எல்லாம் தலைகீழ். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் ஏழு மணிக்கு லைட்டைப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய் நின்று பாருங்கள். இரவு நேரத்துக்கு நெட்டுடன் இன்னொரு அடர்த்தியான துணியும் வேண்டும், அதற்கு இரட்டை ராடு.

கர்ட்டனா, பிளைண்ட்ஸா?

ஏசி போட்டு மூடியே வைக்கும் அறைக்கு, மேலே சுருட்டி ஏற்றும் ரோலர் பிளைண்ட்ஸ் நன்றாக இருக்கும். இடம் அடைக்காது, தூசி குறைவாகத் தங்கும். ஆனால் முழு இருட்டு கிடைக்காது. சுருள் திரும்ப இருபுறமும் பிராக்கெட் இருப்பதால் துணியின் ஓரத்தில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் சந்து விழும், அதில் வெளிச்சம் கோடாக வரும். ஜன்னல் சட்டத்துக்கு உள்ளே பொருத்தாமல் சுவரில், ஜன்னலைவிட அகலமாகப் பொருத்தினால் இந்தத் தொல்லை தீரும்.

ஜீப்ரா பிளைண்ட்ஸ் இப்போது எல்லோரும் கேட்பது. கோடு கோடாக அடர் துணியும் வலைத்துணியும் மாறி மாறி வரும், நகர்த்தினால் வெளிச்சம் கூடும் அல்லது குறையும். ஹாலுக்கு அழகு. படுக்கையறைக்கு வேண்டாம் என்பேன், மூடினாலும் கசியும்.

குறுக்குப் பட்டைகள் கொண்ட வெனிஷியன் பிளைண்ட்ஸில் பட்டைகளைச் சாய்த்து வைத்துக் காற்றையும் வாங்கலாம், பார்வையையும் மறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பட்டையையும் துடைக்க வேண்டும். ரோட்டோர வீட்டில் அதைப் போட்டுவிட்டு யார் துடைப்பது என்று வீட்டுக்குள் சண்டை வரும். நெட்டுக்குத்தாகப் பட்டைகள் தொங்கும் வெர்டிகல் ஆபீசுக்கே இருக்கட்டும்.

பேன் காற்றிலும் திறந்த ஜன்னலிலும் வாழும் வீட்டுக்கு எனக்குத் துணிதான் பிடிக்கும். ஒதுக்கினால் ஜன்னல் முழுவதும் திறக்கும், கழற்றித் துவைக்கலாம், கிழிந்தால் தெருமுனை டெய்லர் தைத்துத் தருவார். பிளைண்ட்ஸ் பழுதானால் அதே கம்பெனி ஆளைத்தான் தேட வேண்டும்.

துணி எத்தனை மீட்டர் எடுப்பது?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஜன்னல் 5 அடி அகலம், 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ராடு இருபுறமும் 6 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும், மொத்தம் 72 அங்குலம். மடிப்பு அழகாக விழத் துணி ராடைப் போல இரண்டு மடங்கு வேண்டும், அதாவது 144 அங்குலம். கடையில் கர்ட்டன் துணி பெரும்பாலும் 48 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில் வரும். 144-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்று பாகம். பக்கத்துக்கு ஒன்றரை பாகமாக டெய்லர் இணைத்துத் தைப்பார்.

உயரத்துக்கு வருவோம். ஜன்னலுக்கு மேல் 6 அங்குலம், கீழே 6 அங்குலம் சேர்த்தால் 60 அங்குலம். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் ஒரு அடி விடுங்கள், 72 அங்குலம், அதாவது 1.83 மீட்டர். மூன்று பாகத்துக்கு ஐந்தரை மீட்டர். பூவோ கட்டமோ பெரிதாக இருந்தால், இரண்டு பாகமும் நேராகச் சேர இன்னும் கொஞ்சம் தேவைப்படும். அதைக் கடைக்காரரிடம் கேட்காமல் டெய்லரிடம் கேளுங்கள்.

துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒன்றேகால் மடங்கில் தைத்தால், மூடும்போது போர்வையைக் காயப்போட்ட மாதிரி நிற்கும். விலை உயர்ந்த துணியைக் குறைவாகப் போடுவதைவிடச் சாதாரணத் துணியைத் தாராளமாகப் போடுவது மேல்.

ரெடிமேட் வாங்கினால் போதாதா?

உங்கள் ஜன்னல் அதற்குள் அடங்கினால் போதும். கடைகளிலும் ஆன்லைனிலும் வருபவை பெரும்பாலும் ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, நீளக் கதவுக்கு 9 அடி உயரம். ஒரு பீஸின் அகலம் சுமார் 4 அடி. வாங்கும்போது ஒரு செட்டில் எத்தனை பீஸ் என்று பாருங்கள். படத்தில் இரண்டு தொங்கும், விலை ஒன்றுக்கு இருக்கும். 5 அடி ஜன்னலுக்கு ஒரு ஜோடி வாங்கினால் மடிப்பு குறைவாகவே விழும்; மூன்று பீஸ் போட்டால் நிறைவாக இருக்கும்.

காட்டன் நல்லதா, பாலியஸ்டர் நல்லதா?

காட்டன் பார்க்க இதமாக இருக்கும். காற்று ஊடுருவும். ஆனால் முதல் துவைப்பில் சுருங்கும், 60 அங்குலத்தில் 2, 3 அங்குலம் போவது சகஜம். துணியை நனைத்துக் காய வைத்த பிறகு தைக்கக் கொடுங்கள். அடர் நிறக் காட்டன் நேர் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், அதுவும் மடிப்பின் முகட்டில் மட்டும் வெளுத்துக் கோடு கோடாகத் தெரியும். பாலியஸ்டர் சுருங்காது, நிறம் நிற்கும், அயர்ன் வேண்டாம். மேற்குக்கும் கிழக்குக்கும் பாலியஸ்டர் அல்லது கலப்புத் துணி, வெயில் படாத ஜன்னலுக்குக் காட்டன் என்பது என் வழக்கம்.

காட்டன் வேண்டுமென்றால் கரூர்ப் பக்கம் போகும்போது பாருங்கள். வீட்டு உபயோகத் துணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊர் அது. சென்னிமலைக் கைத்தறிப் பெட்ஷீட்டைக் கர்ட்டனாகத் தைத்து மாட்டியவர்களும் உண்டு. கனமாக, கம்பீரமாக விழுகிறது.

ராடு மாட்டச் சுவரில் டிரில் இறங்கவே மாட்டேன் என்கிறது. சுவரில் கோளாறா?

கோளாறு இல்லை. நீங்கள் லிண்டலில் துளை போடுகிறீர்கள். ஜன்னலுக்கு நேர் மேலே செங்கல் சுவரைத் தாங்க ஒரு கான்கிரீட் பட்டை ஓடும், சாதாரணமாக அரை அடி உயரம். ராடு பிராக்கெட்டை நாம் பொருத்த நினைக்கும் 3, 4 அங்குல உயரம் சரியாக அதன் நடுவில் விழுகிறது. சாதாரண டிரில் அங்கே கொஞ்சம் பொடியை மட்டும் உதிர்த்துவிட்டு நின்றுவிடும். ஆணி அடித்தால் ஆணி வளையும், பூச்சு பெயரும். ஹாமர் டிரில்லும் கான்கிரீட் பிட்டும் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். அல்லது பிராக்கெட்டை லிண்டலுக்கும் மேலே, 8 அங்குல உயரத்தில் செங்கல்லில் பொருத்துங்கள். கர்ட்டன் உயரம் கூடும், அறையும் உயரமாகத் தெரியும். துணி எடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ராடு 6 அடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும், இல்லாவிட்டால் வில் போல வளையும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோர வீடுகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடுதான். மற்ற இரும்பு ராடும் வளையமும் உப்புக் காற்றில் துருப்பிடித்து, துணியில் கறை இறங்கும். அந்தக் கறை லேசில் போகாது.

கொசுவலை இருக்கும் ஜன்னலுக்கு எப்படி?

வலைக் கதவு உள்பக்கம் திறப்பதா என்று முதலில் பாருங்கள். அப்படி என்றால் ராடு அந்தக் கதவின் வீச்சுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே பொருத்தும் பிளைண்ட்ஸ் கூடாது. ஸ்லைடிங் ஜன்னலில் வலை தன் தடத்திலேயே ஓடுவதால் தொல்லை இல்லை. வெல்க்ரோ வலை ஒட்டியவர்கள் பாதி ஸ்கிரீனின் கொக்கியை வெல்க்ரோவுக்கு மேல் திருகாமல் சட்டத்தின் உள்விளிம்பில் திருகுங்கள்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டேன் என்கிறார் ஹவுஸ் ஓனர்.

ஜன்னல் குழிக்குள் திருகி இறுக்கும் டென்ஷன் ராடு கிடைக்கிறது. மெல்லிய துணியைத் தாங்கும், பிளாக்அவுட்டைத் தாங்காது. மரச்சட்டம் என்றால் ஸ்பிரிங்கும் கொக்கியும் போதும், கழற்றினால் சின்ன ஓட்டைதான். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

சமையலறை, பாத்ரூம், பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஜன்னல்?

மூன்றிலும் தொங்கும் துணி வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் துணி பறந்தால் ஆபத்து, எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். கண்ணாடியில் பனிமூட்டம் போன்ற பிலிம் ஒட்டிவிட்டால் வெளிச்சமும் வரும், துடைக்கவும் சுலபம். விளக்கேற்றும் இடத்தில் கர்ட்டனைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. ஏற்கனவே துணி மாட்டியிருந்தால், ஜன்னல் திறந்திருக்கும்போது அது எதுவரை பறக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கின் இடத்தை மாற்றுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பிளைண்ட்ஸ் கயிறு ஆபத்தா?

ஆபத்துதான். தொங்கும் கயிறும் மணிச்சங்கிலியும் கழுத்தில் மாட்டி உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2018 இறுதியிலிருந்து ரெடிமேடாக விற்கும் பிளைண்ட்ஸ் கயிறு இல்லாமலோ கயிறு கைக்கு எட்டாமலோ இருக்க வேண்டும் என்று தரவிதி வந்துவிட்டது. இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கனவே கயிறு உள்ளது மாட்டியிருந்தால், தரையிலிருந்து 5 அடி உயரத்தில் ஒரு கொக்கி அடித்துக் கயிற்றைச் சுற்றி வையுங்கள். சங்கிலி வளையமாக இருந்தால் கீழ் முனையைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப் போடுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

வாஸ்துப்படி எந்த நிறம்?

எனக்குத் தெரிந்த வாஸ்து, மேற்குக்கு வெளிர் நிறம் என்பது மட்டும்.

தரையைத் தொடும் நீளக் கர்ட்டன் நம் வீட்டுக்குச் சரிவருமா?

படத்தில் அழகாக இருக்கும். தினமும் மாப் போடும் வீட்டில் கீழ் விளிம்பு ஒரு மாதத்தில் சாம்பல் நிறமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் பட்டு ஈரம் ஏறிப் பூஞ்சைப் புள்ளி விழும். தரைக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்துங்கள். காற்று பலமாக அடிக்கும் இடம் என்றால், தென்காசிப் பக்கத்து ஆனி, ஆடிக் காற்று போல, கீழ் மடிப்புக்குள் சின்ன ஈயக் குண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைப்பது?

போகிக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்பது பழக்கம். ரோட்டோர வீட்டுக்கும், தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கும் வீட்டுக்கும் அது போதாது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். இடையில் வாக்யூம் கிளீனரின் பிரஷ் முனையால் மேலிருந்து கீழாக இழுத்தால் பாதித் தூசி போய்விடும். பிளாக்அவுட் துணியைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள், முறுக்கியும் பிழியாதீர்கள், பின்பக்கப் பூச்சு உரியும். காட்டனை நிழலில் காய வைத்து, லேசான ஈரத்தோடு ராடில் மாட்டிவிட்டால் அதன் கனத்திலேயே சுருக்கம் இறங்கிவிடும், அயர்ன் வேலை மிச்சம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் இல்லை. எதை முதலில்?

மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி. அடுத்து, தெருவைப் பார்த்த ஜன்னலுக்குப் பாதி ஸ்கிரீன். அப்புறம் படுக்கையறைக்குப் பிளாக்அவுட். ஹாலை ஒரு வருடம் காத்திருக்க விடலாம். அதற்குள் அந்த அறைக்குள் வெயில் எந்த மாதம் எதுவரை வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், துணிக்கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்காது.